சாளை விற்ற காசு: ஆன்லைன் கேமில் புதிதாக நுழைகிறவர்களுக்கு

போன மாதம் ஒருநாள் ராத்திரி முட்டத்திலிருந்து அக்கா மகன் போன் பண்ணினான். பிளஸ் டூ படிக்கிறான், கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு ஆன்லைன் கேம் ஆட ஆரம்பித்து ரெண்டு வாரம் ஆகிறது. "மாமா, எனக்கு ஒரு ஊதா கலர் வில்லு கிடைச்சுது. மார்க்கெட்ல போட்டு அஞ்சு நாளாச்சு, ஒருத்தனும் வாங்கல்ல. ஊதான்னா அபூர்வமாக்கும், பின்ன ஏன் விக்கமாட்டேங்குது?" என்றான். பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னான். பையில் இடம் போதாததால், வழியில் சேர்த்த தோலை எல்லாம் தரையில் போட்டுவிட்டு வில்லை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தானாம். எவ்வளவு தோல் இருக்கும் மக்கா என்று கேட்டேன். முந்நூறுக்கு மேல் இருக்கும் என்றான். மார்க்கெட்டைத் திறந்து, தோல் இப்போது என்ன விலைக்குப் போகிறது என்று பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவன் தரையில் போட்ட தோலின் மொத்த விலை, வில்லுக்கு அவன் கேட்டுக்கொண்டிருந்த விலையைவிட அதிகம்.

அவனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்ப ஆரம்பித்ததுதான் இப்படி நீண்டுவிட்டது. இந்த மாதிரி கேம்களில் நான் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கிறேன். புதிதாக வருகிற பிள்ளைகள் அநேகம் பேர் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். அபூர்வமான சாமான் கையில் வந்தால் பணக்காரன் ஆகிவிடலாம் என்று அதன் பின்னாலேயே அலைவார்கள். தினமும் செலவாகித் தீர்ந்துபோகிற சாதாரணப் பொருளில்தான் புதியவருக்குக் காசு இருக்கிறது. மற்ற எல்லாமே இதிலிருந்து வருகிறதுதான்.

குளச்சலில் விடியக்காலம் வள்ளங்கள் கரைக்கு வரும் நேரத்தில் போய் நின்று பாருங்கள். சாளையும் அயிலையும் குவியல் குவியலாக வந்து இறங்கும், ஏலம் கேட்கிறவர் வாயை மூடுவதற்குள் ஒரு குவியல் கைமாறி, ஐஸ் போட்டு, வண்டியில் ஏறியிருக்கும். அன்றைக்கே நூறு வீட்டு அடுப்பில் அது குழம்பாகும், நாளைக்கு மறுபடியும் வேண்டும். எப்போதாவது ஒருவர் வலையில் கூறல் மீன் விழும். அதன் வயிற்றிலிருக்கும் காற்றுப்பைக்காக நல்ல விலை கொடுத்து வாங்குவார்கள், ஊரே அன்றைக்கு அதைப் பற்றிப் பேசும். ஆனால் கூறலை நம்பிக் கடலுக்குப் போகிறவர் யாரும் கிடையாது. மண்ணெண்ணெய்க்கும் வலைக்கும் காசு கொடுப்பது சாளைதான். கேமிலும் அப்படித்தான், ஊதா வில் என்பது கூறல், தோல் என்பது சாளை. ஊதா வில்லுக்கு விலையே இல்லை என்று சொல்லவில்லை. அதை வாங்குகிற ஆள் அன்றைக்கு கரையில் நிற்க வேண்டும்.

முதலில் நிறம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சாமானின் பெயருக்கு நிறம் கொடுக்கும் வழக்கம் பழசு. 1996-இல் வந்த டயாப்லோவிலேயே உண்டு. 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் அதை எல்லாருக்கும் பழக்கிவிட்டது: சாம்பல் குப்பை, வெள்ளை சாதாரணம், பச்சை கொஞ்சம் மேல், நீலம் அரிது, ஊதா இன்னும் அரிது, ஆரஞ்சு எல்லாவற்றுக்கும் மேல். அதற்குப் பிறகு வந்த பாதிக் கேம்கள் இதே வரிசையைத்தான் சின்னச் சின்ன மாற்றத்தோடு வைத்திருக்கின்றன.

ஆனால் நிறம் என்பது கேம் கம்பெனி ஒட்டிய சீட்டு. குலசேகரம் பக்கம் புகையில் காயவைத்த ரப்பர் ஷீட்டுக்கு ஆர்எஸ்எஸ் (ரிப்டு ஸ்மோக்டு ஷீட்) 1 முதல் 5 வரை தரம் போடுவார்கள், அதிகம் கைமாறுவது நாலாம் தரம். தரம் என்பது ஷீட் எப்படி இருக்கிறது என்று சொல்லும், இன்றைக்கு டயர் கம்பெனி எவ்வளவு வாங்கப் போகிறது என்று சொல்லாது. நிறமும் அதுபோலத்தான். மிருகத்தைக் கொன்றால் எவ்வளவு அபூர்வமாக விழும், எவ்வளவு பலம் என்று சொல்லும். யாருக்கு வேண்டும் என்று சொல்லாது. அக்கா மகனுடைய வில் ஊதாதான், ஆனால் அது கீழ் லெவல் ஊதா. அந்த லெவலில் இருக்கிறவர்களிடம் அதை வாங்கக் காசு இல்லை, காசு இருக்கிறவர்கள் அந்த லெவலைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

அபூர்வம் என்பதிலும் வகை உண்டு. ஒன்று, விழுகிற விகிதம் குறைவு. இன்னொன்று, அதை எடுக்கப் போகிற இடம் கடினம், பத்துப் பேர் சேர்ந்தால்தான் முடியும். மூன்றாவது, காலம் முடிந்துபோனது. ரூன்ஸ்கேப்பில் 2001 கிறிஸ்துமஸுக்கு பட்டாசு மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள், இரண்டு பேர் பிடித்து இழுத்தால் உள்ளேயிருந்து ஒரு காகிதத் தொப்பி வரும். அன்றைக்கு அதற்கு மதிப்பே கிடையாது, போட்டுப் பார்த்துவிட்டு விட்டெறிந்தவர்கள் ஏராளம். மறுபடி அதை வெளியிடவே இல்லை என்பதால், அந்தக் கேமிலேயே விலை உயர்ந்த சாமான்களில் ஒன்றாக அது ஆகிவிட்டது. இதைக் கேட்டுவிட்டு ஒவ்வொரு பண்டிகைச் சாமானையும் பதுக்க ஆரம்பிக்காதீர்கள். இப்போதெல்லாம் பண்டிகைச் சாமான்களைப் பெரும்பாலும் விற்க முடியாதபடி பூட்டித்தான் தருகிறார்கள், அல்லது அடுத்த வருஷம் மறுபடி விடுகிறார்கள்.

விற்க முடியாது என்று சொன்னேன் இல்லையா, அது முக்கியம். எந்தச் சாமானை எடுத்தாலும் அதன் மேல் அழுத்தி விவரத்தைப் படியுங்கள். "பவுண்ட்" என்றோ "டிரேடு செய்ய முடியாது" என்றோ இருந்தால் அது உங்களுக்கு மட்டும்தான், எவ்வளவு பளபளத்தாலும் சந்தைக்குப் போகாது. புதியவர்கள் பலர் இதைப் பார்க்காமல் ஒரு மாதம் பெட்டியில் அடைத்து வைத்திருப்பார்கள்.

டிராப் ரேட் (சாமான் விழுகிற விகிதம்): இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுவிடுங்கள்

ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் அபிசல் டீமன் என்று ஒரு பிசாசு, அதைக் கொல்லவே ஸ்லேயர் என்கிற திறமையில் லெவல் 85 வேண்டும். அது அபிசல் விப் என்கிற சாட்டையைத் தருவது 512-இல் ஒரு தடவை. 512 கொன்றால் ஒன்று நிச்சயம் என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. 512 கொன்ற பிறகும் வெறுங்கையோடு நிற்பவர்கள் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 37 பேர். 1024 கொன்ற பிறகும் 13, 14 பேர் நிற்பார்கள். 1536 கொன்ற பிறகும் 5 பேர். அதாவது ஒரு சாமான் 100-இல் ஒன்று என்றால், ஓரளவு உறுதியாகக் கையில் வர 300 தடவைக்கு மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் காசு சுண்டுவது மாதிரிதான், முந்தின தடவை விழாதது அதற்கு நினைவில் இருக்காது. "நானூறு கொன்னாச்சு, இனி விழுந்தே தீரும்" என்று பரீட்சைக்கு முந்தின ராத்திரி இரண்டு மணிவரை உட்கார்ந்திருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, இதை வைத்து என்ன செய்வது? அந்தச் சாமானின் விலையை விகிதத்தால் வகுத்துப் பாருங்கள். பேச்சுக்கு, 512-இல் ஒன்று விழும் சாமானின் விலை 5,12,000 என்று வைப்போம், அப்படியானால் ஒரு பிசாசுக்கு சராசரி 1,000. மணிக்கு 60 கொல்ல முடிந்தால் 60,000. அதே ஒரு மணி நேரத்தில் தோல் சேர்த்தால் 70,000 வரும் என்றால் தோலுக்கே போங்கள், ஏனென்றால் தோல் இன்றைக்கே கையில் வரும், சாட்டை வருமோ வராதோ. சராசரி என்பது நூறு பேர் ஆடும்போது உண்மை, நீங்கள் ஒருவர் மட்டும், கையில் முதல் இல்லாமல் ஆடும்போது அது கடன் சொல்வது மாதிரி. முதல் சேர்ந்த பிறகு சாட்டைக்குப் போகலாம்.

காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகளுக்கும் இதே கணக்குதான், அங்கே இன்னும் மோசம். கவுண்டர்-ஸ்ட்ரைக் பெட்டிகளின் விகிதம் சீனாவில் வெளியிட வேண்டியதாகி 2017-இல் எல்லாருக்கும் தெரிய வந்தது: நீலம் 79.92 சதவீதம், ஊதா 15.98, இளஞ்சிவப்பு 3.2, சிவப்பு 0.64, எல்லாரும் ஆசைப்படும் கத்தி 0.26. அதாவது ஏறக்குறைய 385 பெட்டிக்கு ஒரு கத்தி. கென்ஷின் இம்பாக்டில் ஐந்து நட்சத்திரப் பாத்திரம் விழுவது ஒரு தடவைக்கு 0.6 சதவீதம், 90-வது தடவையில் கண்டிப்பாகத் தருவார்கள், ஆனால் அதில் வருகிறவர் நீங்கள் ஆசைப்பட்டவராக இருக்க வேண்டும் என்றில்லை. அப்புறம் அங்கே வந்ததை யாருக்கும் விற்கவும் முடியாது. ஆகவே அந்த வகைக் கேம்களில் சம்பாதிப்பது என்ற பேச்சே இல்லை, சேர்த்து வைப்பது மட்டும்தான். இந்தக் கட்டுரையில் மீதி எல்லாம் ஆட்டக்காரர்களே ஒருவருக்கொருவர் விற்கிற சந்தை உள்ள கேம்களுக்கு.

காசு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது

ஒரு குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கால்வாயில் தண்ணீர் வருகிறது, மடை வழியாக வயலுக்குப் போகிறது. கேமில் மிருகத்தைக் கொன்றால் விழும் காசும் குவெஸ்ட், அதாவது கேம் கொடுக்கும் வேலை, முடித்தால் கிடைக்கும் காசும் கால்வாய். ஆயுதம் பழுது பார்க்கும் செலவு, பயணக் கட்டணம், சந்தை வரி இவை மடை. மடை சின்னதாக இருக்கிற கேமில் காசு பெருகிப்போய் எல்லா விலையும் ஏறிக்கொண்டே இருக்கும், அங்கே காசாகவே சேர்த்து வைப்பது நஷ்டம், பொருளாக வைக்க வேண்டும்.

பொருளுக்கும் மடை உண்டு, புதியவர் பார்க்க வேண்டியது இதைத்தான். ஆல்பியன் ஆன்லைனில் சிவப்பு, கறுப்பு மண்டலத்தில் செத்தால் மேலே போட்டிருந்தது எல்லாம் போய்விடும், அதில் ஒரு பகுதி கொன்றவருக்கும் கிடைக்காமல் அப்படியே அழிந்துபோகும். அங்கே ஆட்டக்காரர்கள் அணியும் சாமான் ஏறக்குறைய எல்லாமே இன்னொரு ஆட்டக்காரர் செய்ததுதான். தினமும் ஆயிரக்கணக்கில் சாமான் அழிகிறது என்றால் தினமும் ஆயிரக்கணக்கில் தோல், பலகை, துணி, இரும்பு வேண்டும். ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் வேறு வழி: சந்தை வரியில் வருகிற காசைக் கொண்டு கம்பெனியே சில சாமான்களை வாங்கி அழிக்கிறது. போஷன், அம்பு, மந்திரத்துக்கான ரூன், சாப்பாடு இவையெல்லாம் பயன்படுத்தினாலே தீர்ந்துபோகும்.

ஆக, புதிய கேமில் நுழைந்தவுடன் கேட்க வேண்டிய கேள்வி: இங்கே எது தீர்ந்துபோகிறது? மேல் லெவல் ஆட்டக்காரர்கள் ஒரு ராத்திரி சண்டைக்குப் போனால் எதை எதைச் செலவழித்துவிட்டு வருகிறார்கள்? அவர்களுக்கு மரம் வெட்டவும் மீன் பிடிக்கவும் நேரம் இல்லை, காசு இருக்கிறது. உங்களுக்கு நேர்மாறாக. புதியவருக்கும் பெரிய ஆட்டக்காரருக்கும் நடுவில் இருக்கும் வியாபாரமே இதுதான்.

முதல் வாரம்

முதல் நாள் எதையும் கடைக்காரப் பொம்மையிடம் விற்காதீர்கள். கேமே வைத்திருக்கும் கடையில் கிடைப்பது அடிமட்ட விலை, ஆட்டக்காரர் சந்தையில் அதே பொருள் பல மடங்குக்குப் போகலாம். சந்தையில் பெயரைத் தட்டிப் பார்த்த பிறகுதான் எதையும் விற்பது, எறிவது. அபூர்வமாக இதற்கு நேர்மாறும் நடக்கும். ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் மேஜிக் லெவல் 55-இல் ஹை ஆல்கமி என்று ஒரு மந்திரம் கிடைக்கும், சாமானின் அடிப்படை மதிப்பில் 60 சதவீதத்தைக் காசாக மாற்றித் தரும். அதனால் பல ஆயுதங்களின் சந்தை விலை அதற்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை.

இரண்டாவது, ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். மரம் என்றால் மரம், தோல் என்றால் தோல். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் எதிலும் லெவல் ஏறாது, எதன் விலையும் மனதில் நிற்காது. ஒரு பொருளை ஒரு வாரம் பார்த்தால் அதன் விலை காலையில் எவ்வளவு, ராத்திரி எவ்வளவு, சனி ஞாயிறு எவ்வளவு என்று தானாகவே பழகிவிடும். தோவாளைப் பூச்சந்தையில் நிற்கிறவர்களிடம் கேளுங்கள், ஓணத்துக்கு ரெண்டு நாள் முன்னால் என்ன விலை, முகூர்த்தம் இல்லாத நாளில் என்ன விலை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். கேமிலும் ஓணம் உண்டு. புதிய அப்டேட், புதிய சீசன், கில்டுகளின் (ஆட்டக்காரர் கூட்டங்களின்) பெரிய சண்டை இருக்கும் நாள், இவற்றுக்கு முன்னால் செலவாகும் பொருள்களின் விலை ஏறும். ஏறிய பிறகு ஓடிப்போய்ச் சேர்க்காதீர்கள், முன்னாலேயே சேர்த்து வைத்திருந்து அன்றைக்கு இறக்குங்கள்.

மூன்றாவது, வரி. இதில் விழாத புதியவரை நான் பார்த்ததில்லை. ஆல்பியனில் பிரீமியம் (சந்தா) இல்லாதவருக்கு விற்பனை வரி 8 சதவீதம், ஆர்டர் போடும் கட்டணம் 2.5 சதவீதம். 1,000 சில்வருக்கு (அந்தக் கேமின் காசு) ஒன்றை வாங்கி 1,100-க்கு விற்றால் நூறு லாபம் என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள்: 1,100-இல் 10.5 சதவீதம் போனால் கையில் 984 சொச்சம். வாங்கும்போதும் ஆர்டர் போட்டுத்தான் வாங்கினீர்கள் என்றால் அங்கே இன்னொரு 25. மொத்தம் 40 நஷ்டம். 1,146-க்கு விற்றால்தான் போட்ட காசு திரும்பும், அதற்கு மேல்தான் லாபம். பிரீமியம் இருந்தால் வரி 4 ஆகக் குறையும். ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் இப்போது 2 சதவீதம், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஏலக்கடையில் 5 சதவீதம். நீங்கள் ஆடுகிற கேமில் எவ்வளவு என்று முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள். நீங்களே சேர்த்த பொருளை விற்கும்போது வரி அவ்வளவு கடிக்காது, வாங்கி விற்கிற வியாபாரத்தில்தான் அது முழு லாபத்தையும் தின்றுவிடும். முதல் வாரத்தில் வாங்கி விற்க வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

விற்பதிலும் இரண்டு வழி உண்டு. அங்கே ஏற்கெனவே "வாங்குகிறேன்" என்று ஆர்டர் போட்டிருப்பவருக்கு உடனே தள்ளிவிடலாம், விலை குறைவு, காசு அந்த நிமிஷமே. அல்லது உங்கள் விலையைப் போட்டுக் காத்திருக்கலாம். இந்த இரண்டு விலைக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். சின்ன இடைவெளி என்றால் அந்தப் பொருள் வேகமாக ஓடுகிறது, தாராளமாகப் போட்டு வையுங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் அது மெதுவாக நகரும் பொருள், ஊதா வில் மாதிரி. ஒருவர் அநியாய விலைக்குப் போட்டு வைத்திருப்பதைப் பார்த்து அதுதான் சந்தை விலை என்று நம்பிவிடாதீர்கள். போட்ட விலை வேறு, விற்ற விலை வேறு. விற்ற வரலாறு காட்டுகிற கேமில் அந்தப் படத்தைத் திறந்து, ஒரு நாளைக்கு எத்தனை எண்ணம் கைமாறுகிறது என்று பாருங்கள். எனக்கு விலையைவிட அந்த எண்ணிக்கைதான் முக்கியம்.

இடமும் விலை வைக்கும். ஆல்பியனில் ஒவ்வொரு ஊருக்கும் தனிச் சந்தை. லிம்ஹர்ஸ்ட் சுற்றியுள்ள காட்டில் மரம் அதிகம், ஆனால் மரத்தைப் பலகையாக்கினால் போட்ட மரத்தில் கூடுதல் பங்கு திரும்பக் கிடைப்பது ஃபோர்ட் ஸ்டெர்லிங்கில். தோலுக்கு மார்ட்லாக், இரும்புக்கு தெட்ஃபோர்ட், நாருக்கு லிம்ஹர்ஸ்ட், கல்லுக்கு பிரிட்ஜ்வாட்ச். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள், சுமந்து போகிறவருக்குக் கூலி கிடைக்க வேண்டும் என்று. ஆனால் கேர்லியன் என்கிற ஊருக்குப் போகிற வழி சிவப்பு மண்டலம். அங்கே விலை நன்றாக இருக்கிறதே என்று இருக்கிற எல்லாவற்றையும் மாட்டின் முதுகில் ஏற்றிக்கொண்டு கிளம்பி, பாதி வழியில் நாலு பேர் மறித்து எல்லாம் போனது என்று அழுத பிள்ளைகள் உண்டு. போனால் வருத்தப்பட மாட்டேன் என்கிற அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். நான் கையிருப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றுவதில்லை. மழைக்காலத்தில், கரண்டும் டவரும் போய்ப் போய் வருகிற ராத்திரியில், சிவப்பு மண்டலத்துப் பக்கமே போக வேண்டாம். நெட் போனால் உங்கள் ஆள் அங்கேயே நின்றுகொண்டிருப்பான்.

நாலாவதாக ஒரு நோட்டு. கேட்டால் சிரிப்பார்கள், பரவாயில்லை. தேதி, எத்தனை நிமிஷம் ஆடினேன், என்ன சேர்ந்தது, எவ்வளவுக்கு விற்றது, வரி போக எவ்வளவு. அக்கா மகன் பழைய ஃபிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறான். முதல் வாரத்து எழுத்தில் ஒரு வரி: "ஞாயிறு, 45 நிமிஷம், தோல் 212, செத்தது 1." அந்த "செத்தது" என்கிற பத்தியை அவனாகவே சேர்த்திருக்கிறான், பழுது பார்க்கிற செலவு எங்கே போகிறது என்று அதில்தான் தெரிந்தது. பத்து நாள் எழுதினால் மணிக்கு எவ்வளவு என்ற எண் கிடைக்கும். அந்த எண் கையில் இருந்தால், யாராவது "இங்கே வா, கொட்டுது" என்று கூப்பிடும்போது ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

ஏமாற்று வேலை

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கேமில் எனக்கு நடந்தது. ஒருவர் நல்ல விலைக்கு ஒரு மோதிரம் தருகிறேன் என்று டிரேடு விண்டோவைத் திறந்தார். மோதிரத்தை வைத்தார், எடுத்தார், "நெட் ஸ்லோ" என்றார், மறுபடி வைத்தார், மறுபடி எடுத்தார். மூன்றாவது தடவை வைத்ததும் நான் பார்க்காமலேயே ஓகே அழுத்தினேன். அது அதே படம் உள்ள வேறு மோதிரம், பத்து காசு பெறாது. இரண்டு மாதச் சேமிப்பு போனது. அதற்குப் பிறகு நான் வைத்திருக்கும் வழக்கம்: எதிர்ப்பக்கம் ஒரு தடவை ரத்து செய்தாலே நான் விண்டோவை மூடிவிடுவேன், திரும்பத் திறந்தால் சாமானின் பெயரை எழுத்து எழுத்தாகப் படிப்பேன். பொதுச் சந்தையில் விற்கக்கூடிய எதையும் நேருக்கு நேர் டிரேடு செய்யாதீர்கள், வரி போனால் போகட்டும். "உன் காசை எங்கிட்ட குடு, ரெண்டு மடங்கா தாரேன்" என்று சந்தை வாசலில் நிற்கிறவர்கள் எல்லாருமே திருடர்கள், இதில் ஒருவர்கூட விதிவிலக்கு கிடையாது.

நிஜப் பணம்

கேம் காசை வெளியில் ரூபாய்க்கு விற்பவர்கள் உண்டு. பெரும்பாலான கேம்களில் அது விதிமீறல், வாங்கியவர் அக்கவுண்டும் போகும். அந்தக் காசில் கணிசமானது திருடிய அக்கவுண்டுகளிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். கம்பெனியே வைத்திருக்கும் வழி வேறு: ரூன்ஸ்கேப்பின் பாண்டு, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் 2015-இல் வந்த டோக்கன், ஆல்பியனின் கோல்டு. இவற்றைக் கேமுக்குள் சம்பாதித்த காசாலேயே வாங்கி, மெம்பர்ஷிப்பையோ பிரீமியத்தையோ ரூபாய் செலவில்லாமல் நீட்டிக்கலாம். புதியவருக்கு இதைவிட நல்ல இலக்கு இல்லை. முதல் மாதச் சேமிப்பை ஊதா வில்லில் போடாமல் இதில் போடுங்கள், ஆல்பியனில் என்றால் வரி பாதியாகக் குறையும், அடுத்த மாதம் வேகமாகச் சேரும்.

பணம் கட்டிப் பணம் ஜெயிக்கிற ஆட்டம் என்பது முற்றிலும் வேறு, 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் அதைத் தடை செய்துவிட்டது. கேம் ஐட்டம் தருகிறோம் என்று சொல்லி அங்கே இழுக்கிற லிங்குகள் வரும், தொடாதீர்கள்.

பிள்ளைகளுக்கு இன்னொன்று. நம் கடற்கரையில் அப்பா ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார், வீட்டுச் செலவு முழுக்க அம்மா போனில் இருக்கும் யூபிஐயில் ஓடும். அதே போனில்தான் பிள்ளை கேமும் ஆடும். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்துவிடுங்கள், ரெண்டு நிமிஷ வேலை. கேம் அக்கவுண்டுக்கு இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள். ஓடிபியை கில்டு தலைவர் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அழுதுகொண்டு உட்காராமல் அந்த நிமிஷமே 1930-க்குக் கூப்பிட வேண்டும், தாமதிக்கத் தாமதிக்க மீட்பது கஷ்டம். அம்மா திட்டுவார்கள் என்று மறைத்துத்தான் பல வீடுகளில் பணம் மொத்தமும் போயிருக்கிறது.

இன்றைக்கு ராத்திரியே ஆரம்பிக்கிறீர்கள் என்றால்

போனில் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் ஏற்றுங்கள், தொடங்கக் காசு வேண்டாம். பயிற்சித் தீவு முடிந்ததும் லம்பிரிட்ஜ் என்ற ஊரில் இறக்கிவிடுவார்கள். ஆற்றைத் தாண்டி வடகிழக்கே மாட்டு வயல் இருக்கிறது. மாடு ஒவ்வொன்றும் ஒரு தோல் கண்டிப்பாகத் தரும், விகிதம் நூற்றுக்கு நூறு. பையில் 28 இடம். நிறைந்ததும் அல் கரீதுக்கு நடங்கள், வாசலில் 10 காசு கேட்பார்கள், உள்ளே தோல் பதனிடுகிறவர் ஒரு தோலுக்கு ஒரு காசு வாங்கிக்கொண்டு பதனிட்டுத் தருவார். பச்சைத் தோல் விலையையும் பதனிட்ட தோல் விலையையும் வாரக் ஊருக்கு வடமேற்கே இருக்கும் கிராண்ட் எக்ஸ்சேஞ்சில் பார்த்துவிட்டு, எது லாபமோ அதைச் செய்யுங்கள். புதிய இலவச அக்கவுண்டுக்குச் சில பொருள்களை விற்க ஆரம்பத்தில் தடை இருக்கும், 20 மணி நேர ஆட்டமும் 10 குவெஸ்ட் பாயிண்டும் மொத்த லெவல் 100-உம் ஆனால் திறந்துவிடும். அதுவரை பேங்கில் அடுக்கி வையுங்கள். எதையும் தரையில் போட வேண்டாம்.